மூடிய கலத்துள் விளையும் படிகங்கள்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (வேதியியல்)

சென்ற ஆண்டு எங்கள் துறைக்கு ஒரு சிறு எஃகுக் கலம் வந்தது. பார்ப்பதற்கு டிபன் பாக்ஸைவிடச் சிறியது. கையில் எடுத்தால்தான் அதன் கனம் தெரியும். மேலே திருகு மூடி. உள்ளே வெண்ணிற டெஃப்லான் கிண்ணம் ஒன்று. அதில் 25 மில்லிலிட்டர்தான் கொள்ளும். ஆட்டோகிளேவ் என்பது அதன் பெயர். முதலாண்டு மாணவர் ஒருவர் அதை எடைக்கல் என்று எண்ணித் தராசு அறையில் கொண்டுபோய் வைத்ததும் உண்டு. இக்கட்டுரை அந்தக் கலத்தையும், அதனுள் நீர் அடையும் மாற்றத்தையும், அதில் நான் தயாரித்த ஒரு பொருளையும் பற்றியது. அப்பொருளைக் குறித்து அவசரப்பட்டு வீட்டில் நான் சொன்ன ஒரு சொல்லையும் பற்றியது.

நீர்வெப்பத் தொகுப்பு முறை என்பதற்கு நாம் தேர்வில் எழுதும் விளக்கம் எளியது. கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலையில், மூடிய கலத்தில், நீரையே கரைப்பானாகக் கொண்டு சேர்மங்களைத் தயாரிக்கும் முறை என எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் எழுதி வாங்கினேன். கலத்தைத் திருகி மூடிய அன்றுதான் அந்த விளக்கத்தில் எனக்கு ஒன்றுமே புரிந்திருக்கவில்லை என்பது தெரிந்தது.

என் தந்தையார் நெல் அவிக்கும் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். அவருடைய படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவள் நானே முதல். "என்னம்மா படிக்கிற?" என்று அவர் கேட்பதும், "கெமிஸ்ட்ரிப்பா" என்று நான் சொல்வதும், "சரிம்மா" என்று அவர் எழுந்து போவதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இந்தக் கலம் வந்த பிறகுதான் இருவரும் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்தது.

"170 டிகிரியில வைக்கப் போறோம்ப்பா. உள்ள எட்டு வளிமண்டல அழுத்தம் இருக்கும்" என்றேன்.

"எனக்குக் கேஜ்ல சொல்லு."

கேஜ் என்பது வெளியே உள்ள ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கழித்துக் காட்டுவது. மனத்திற்குள் கணக்கிட்டு, "ஏறக்குறைய ஏழு கிலோ" என்றேன்.

"நம்ம மில் பாய்லரும் ஏழு கிலோதாம்மா!" என்றார். முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. உடனே, "சேஃப்டி வால்வு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இதுல இல்லப்பா."

"தண்ணி மட்டம் பாக்குற கண்ணாடி?"

"அதுவும் இல்ல."

மகிழ்ச்சி போய்விட்டது. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்க மொதல்ல எவ்வளவு தண்ணி ஊத்துறீங்களோ, அதுலதான் எல்லாம் இருக்கு" என்றார்.

மறுநாள் இதை எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். "உங்க அப்பா சொன்னதுதான் இந்த முறையின் முதல் விதி" என்றார் அவர். கரும்பலகையில் அவர் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். நீரைச் சூடேற்றினால் அது விரியும். கலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர் ஊற்றி மூடினால், வெப்பநிலை 250 பாகை செல்சியஸை எட்டும்போது மேலிருக்கும் வெற்றிடம் முழுவதையும் நீர் நிரப்பிவிடும். அதுவரை உள்ளே இருப்பது நீராவியின் அழுத்தம் மட்டுமே. 250 பாகையில் அது ஏறத்தாழ 40 வளிமண்டலம். அதற்குமேல் விரிவதற்கு இடமில்லை. ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அழுத்தம் பத்து வளிமண்டலத்துக்கும் மேல் உயரும். 400 பாகைக்குப் போனால் 1,500 வளிமண்டலத்தையும் தாண்டிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஊற்றினாலோ எங்களுடைய 170 பாகையிலேயே இடம் தீர்ந்துவிடும். ஆகவேதான் 25 மில்லிலிட்டர் கிண்ணத்தில் 15 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் கட்டளை. டெஃப்லானும் 200 பாகையை ஒட்டியே மென்மையடையத் தொடங்குவதால் அந்த எல்லைக்கு மேல் நாங்கள் போவதில்லை.

நீரின் மறுமுகம்

நாம் குடிக்கும் நீரும் மூடிய கலத்துள் 250 பாகையில் இருக்கும் நீரும் பெயரளவில்தான் ஒன்று. நீரின் மின்காப்பு மாறிலி அறை வெப்பநிலையில் 78. உப்புகளை அயனிகளாகப் பிரித்துக் கரைப்பதற்கு இந்த உயர்ந்த மதிப்பே காரணம் என்று படித்திருக்கிறோம். 250 பாகையில் அது 27 ஆகக் குறைகிறது. அதாவது எத்தில் ஆல்கஹாலின் மதிப்புக்கு அருகில் வந்துவிடுகிறது. பாகுநிலை எட்டில் ஒரு பங்காகிறது. அதனால் கரைந்த துகள்கள் விரைந்து நகர்கின்றன. நீரின் அயனிப் பெருக்கமோ பல நூறு மடங்கு கூடுகிறது. வெறும் நீரே ஓரளவு அமிலமாகவும் ஓரளவு காரமாகவும் வேலை செய்யத் தொடங்குகிறது. வெப்பநிலையை மேலும் உயர்த்தி 374 பாகையையும் 218 வளிமண்டலத்தையும் கடந்தால் நீர்மம், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடுகிறது. அதுவே நீரின் நிலைமாறு புள்ளி.

அறை வெப்பநிலையில் நீரில் கரையாத பொருள் என்று நாம் அட்டவணையில் எழுதும் பொருள்கள் பல, இந்த நீரில் கரைகின்றன. கரைந்தவை மெல்லக் கூடிப் படிகமாகின்றன. உலைகளில் ஆக்சைடுகளைக் கலந்து ஆயிரம் பாகைக்கு மேல் சுடும் பழைய முறையோடு இதனை ஒப்பிட எனக்கு ஆலைதான் நினைவுக்கு வருகிறது. நெல்லை வறுத்தால் பொரி, அவித்தால் புழுங்கலரிசி. தானியம் ஒன்றே. வறுக்கும் சூட்டில் அழிந்துபோகும் அமைப்புகள் அவிக்கும் சூட்டில் பிழைத்திருக்கும். கனிம வேதியியலில் புதிய சேர்மங்கள் பல இந்த வழியில் கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

எலும்பிலிருந்து கைக்கடிகாரம் வரை

இக்கலத்தின் பாட்டனார் ஒரு சமையல் பாத்திரம். பிரான்சில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய தெனிஸ் பாப்பின் 1679இல் இறுக மூடிய ஒரு கலத்தை அமைத்தார். எலும்பையும் மென்மையாக்கும் அளவுக்கு அதில் நீராவியின் அழுத்தம் ஏறியது. கலம் வெடிக்காதிருக்க அதற்குப் பாதுகாப்பு வால்வும் அமைத்தார். (என் தந்தையாரிடம் சொன்னபோது, "அந்த ஆளு வெவரமானவரு" என்றார்.) நம் வீட்டுப் பிரஷர் குக்கர் அதன் வழி வந்ததே. 1839இல் ஜெர்மன் வேதியியலறிஞர் புன்சன், நம் ஆய்வகப் பர்னருக்குப் பெயர் தந்த அதே புன்சன், தடித்த கண்ணாடிக் குழாய்களில் கரைசல்களை அடைத்து 200 பாகைக்கு மேல் சூடேற்றி பேரியம் கார்பனேட், ஸ்டிரான்சியம் கார்பனேட் படிகங்களைப் பெற்றார். கண்ணாடிக் குழாயில் நூறு வளிமண்டலம்! அந்தத் துணிச்சலை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. 1845இல் ஷாஃப்ஹாய்ட்ல் என்பவர் பாப்பினின் கலத்தையே கொண்டு நுண்ணிய குவார்ட்ஸ் படிகங்களைத் தயாரித்தார்.

குவார்ட்ஸின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீர்வெப்ப முறை ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. குவார்ட்ஸ் என்பது சிலிக்கன் டைஆக்சைடு. மணலின் முதன்மைப் பொருள். மணலை 1,700 பாகைக்கு மேல் உருக்கிக் குளிரவைத்தால் படிகம் வராது, கண்ணாடிதான் வரும். மெல்லக் குளிரவைத்தும் பயனில்லை. மின்னணுக் கருவிகளுக்கு வேண்டிய குவார்ட்ஸ் வடிவம் 573 பாகைக்குக் கீழேதான் நிலைத்திருக்கும். அதற்குமேல் அதன் அணு அடுக்கு வேறாகிவிடும். ஆகவே 573க்குக் கீழே, உருக்காமல், சிலிக்காவை அணு அணுவாக அடுக்க வேண்டும். அதற்குக் கரைப்பான் வேண்டும். சாதாரண நீரிலோ சிலிக்கா கரைவதே அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் தூரின் நகரில் ஸ்பெட்சியா என்பவர் பல மாதங்கள் காத்திருந்து, விதைப் படிகத்தின்மேல் குவார்ட்ஸை வளர்த்துக் காட்டினார். இரண்டாம் உலகப்போரின்போது வானொலிக் கருவிகளுக்குக் குவார்ட்ஸ் பெருமளவில் தேவைப்பட்டது. நல்ல படிகங்கள் பிரேசில் நாட்டுச் சுரங்கங்களிலிருந்தே வர வேண்டியிருந்தது. போருக்குப்பின் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாக்கர், பியூலர் முதலியோர் ஸ்பெட்சியாவின் முறையைத் தொழில்முறையாக வளர்த்தனர். தடித்த எஃகாலான உயரமான கலம். அதன் அடியில் சிறு குவார்ட்ஸ் துண்டுகள். மேலே தொங்கும் மெல்லிய விதைத் தகடுகள். இடையே துளையிட்ட தடுப்பு. சோடியம் ஹைட்ராக்சைடோ சோடியம் கார்பனேட்டோ கலந்த நீர், எண்பது பங்கு. அடிப்பகுதி 400 பாகை; மேற்பகுதி அதைவிடச் சில பத்துப் பாகைகள் குறைவு. அடியில் கரைந்த சிலிக்கா மேலே ஏறி, சூடு குறைந்த இடத்தில் கரைந்திருக்க மாட்டாமல் விதைத் தகட்டின்மேல் படியும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் அதுவே நல்ல வேகம். கைக்கடிகாரத்தில் விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத் துணுக்கு இப்படி வளர்ந்ததுதான். எண்ணைக் கவனியுங்கள்: ஒன்றைப் பதினைந்து முறை இரட்டித்தால் வருவது. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு.

புதியவற்றைத் தேடி

குவார்ட்ஸ் இயற்கையில் உள்ள பொருள். இயற்கையில் இல்லாதவற்றையும் இதே வழியில் பெறலாம் என்பதைக் காட்டியவை சியோலைட்டுகள். நுண்துளைகள் நிறைந்த இந்த அலுமினோசிலிகேட்டுகளில் இயற்கையானவை பல உண்டு. 1940களிலும் 50களிலும் இங்கிலாந்தில் பாரரும், அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் மில்ட்டனும் இயற்கையில் காணாத சியோலைட்டுகளைத் தயாரித்தனர். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து நிறுத்தி ஆக்சிஜனை மட்டும் தந்த கருவிகளுக்குள் இருந்தவை சியோலைட்டு மணிகளே.

1982இல் அதே நிறுவனத்தின் வில்சன், எடித் ஃபிளானிகன் முதலியோர் சிலிக்கா சிறிதும் இல்லாத அலுமினியம் பாஸ்பேட்டுச் சட்டகங்களை வெளியிட்டனர். இவற்றில் ஒரு நுட்பம் உண்டு. கலவையில் ஓர் அமீனைச் சேர்ப்பார்கள். பாஸ்பேட்டும் உலோகமும் அமீன் மூலக்கூறைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. வளைவு கட்டும்போது கொத்தனார் முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னர் எடுத்துவிடுவதைப் போல, அமீனை எரித்து நீக்கினால் வெற்றறைகள் எஞ்சும். எல்லாச் சட்டகமும் இதைத் தாங்குவதில்லை; பல இடிந்து விழுந்துவிடும். அலுமினியத்துக்குப் பதிலாகத் துத்தநாகம், இரும்பு, கோபால்ட், வனேடியம், மாலிப்டினம் என ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் புதுப்புதுச் சேர்மங்கள் கிடைத்தன. பெங்களூருவில் சி. என். ஆர். ராவ் அவர்களும் அவருடைய குழுவினரும் துத்தநாகப் பாஸ்பேட்டுகளில் ஓர் அரிய கேள்வியைக் கேட்டனர்: இவ்வளவு சிக்கலான கட்டடம் எந்தச் செங்கல்லிலிருந்து தொடங்குகிறது? நான்கு மூலைகள் கொண்ட சிறு வளையம் ஒன்று சங்கிலியாகவும், சங்கிலி தளமாகவும், தளம் முப்பரிமாணச் சட்டகமாகவும் மாறுவதை அவர்கள் காட்டினர். மூடிய கலத்துள் என்ன நடக்கிறது என்பது தெரியாமலே தயாரித்துக்கொண்டிருந்த துறைக்கு இது ஒரு சன்னலைத் திறந்தது எனலாம்.

பிரான்சின் வெர்சாயில் ஜெரார் ஃபெரே 2005இல் வெளியிட்ட சேர்மத்தைப் படித்தபோது நான் இரண்டு முறை எண்களைச் சரிபார்த்தேன். குரோமியம் நைட்ரேட், பாலியெஸ்டர் துணிக்கு மூலமான டெரிப்தாலிக் அமிலம், சிறிது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம், நீர். 220 பாகையில் எட்டு மணி நேரம். அவ்வளவுதான். கிடைத்த பச்சைத் தூளில் ஒரு கிராமின் உட்பரப்பு 4,000 சதுர மீட்டருக்கும் மேல். அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

இவ்வகைப் பொருள்களுக்கு உலோக–கரிமச் சட்டகம் என்ற பெயர் பரவக் காரணமாக இருந்த ஓமர் யாகியின் 1995ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே நீர்வெப்பத் தொகுப்பு என்றுதான் தொடங்குகிறது. அது ஒரு தாமிரச் சேர்மம். 2025ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இவருக்கும் ஜப்பானின் கிட்டகாவாவுக்கும் ஆஸ்திரேலியாவின் ராப்சனுக்கும் வழங்கப்பட்டது. யாகி ஜோர்டான் நாட்டில் அகதிக் குடும்பத்தில் பிறந்தவர்; அவருடைய பெற்றோர் அதிகம் படிக்காதவர்கள்; மாடுகளும் உடனிருந்த ஓர் அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்வரும் பிழைக்கு அந்த இரவும் ஒரு காரணம்.

எங்கள் பச்சைப் படிகம்

கோடை விடுமுறையில் பேராசிரியர் எங்கள் மூவருக்கு அனுமதி தந்தார். காப்பர் அசிட்டேட், பாஸ்பாரிக் அமிலம், எத்திலீன் டைஅமீன், நீர். அமீனைப் புகைக்கூண்டின் கீழ் அவரே அளந்து ஊற்றினார். அமீனைச் சுற்றித் தாமிரப் பாஸ்பேட்டுச் சட்டகம் எழும்புமா என்பதே கேள்வி. கிண்ணத்தில் நீல நிறக் கூழ். மொத்தம் 15 மில்லிலிட்டர். மூடினோம், 170 பாகையில் வைத்தோம்.

முதல் முறை ஒரே நாளில் எடுத்துவிட்டோம். பொறுமையில்லாமல் கலத்தைக் குழாய்நீரில் காட்டிக் குளிரவைத்ததற்குப் பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். உள்ளே மாவு போன்ற பச்சைத் தூள். இரண்டாம் முறை மூன்று நாள் வைத்து, ஓவனை அணைத்தபின் ஒரு நாள் முழுவதும் தொடாமல் விட்டோம். இந்த முறையில் கடினமானது இதுதான். குடுவையில் வினை நடந்தால் நிறமாற்றத்தைப் பார்க்கலாம், வீழ்படிவைப் பார்க்கலாம். இங்கே எஃகைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான்காம் நாள் திறந்தோம். நீலம் வெளிறியிருந்தது. அடியில் கரும்பச்சையாய், கைலென்சில் பார்த்தால் பட்டைகள் மின்னும் சிறு படிகங்கள்.

அன்று மாலை வீட்டில், "அப்பா, இதுவரைக்கும் உலகத்துல இல்லாத ஒரு பொருளைச் செஞ்சிருக்கோம்" என்றேன். அவர் மறுநாள் ஆலையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

படிகத்தைப் பொடித்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு அனுப்பினோம். ஒவ்வொரு படிகப் பொருளும் எக்ஸ் கதிர்களைத் தனக்கே உரிய கோணங்களில் சிதறச் செய்யும். அது அந்தப் பொருளின் கைரேகை. இரண்டு வாரம் கழித்து வந்த வரைபடத்தைத் தரவுத் தொகுப்போடு ஒப்பிட்டபோது ஒவ்வொரு கோடும் பொருந்தியது. பொருளின் பெயர் லிபெத்தனைட். தாமிர ஹைட்ராக்சி பாஸ்பேட்டு. ஸ்லோவாக்கியாவில் ஜெர்மானியர் லிபெத்தன் என்று அழைத்த ஊரின் தாமிரச் சுரங்கத்தில் கிடைத்து, 1823இல் பிரைட்ஹாப்ட் என்பவரால் பெயரிடப்பட்ட கனிமம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கும் பொருள். எங்கள் கலவையைப் போன்ற கலவையிலிருந்து நீர்வெப்ப முறையில் அதை மற்றவர்கள் தயாரித்ததும் உண்டு என்பதைப் பின்னர்தான் தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். அமீன் சட்டகத்துக்குள் போகவே இல்லை. அமிலத்தை நடுநிலையாக்கும் காரமாக மட்டும் அது வேலை செய்திருக்கிறது என்பது பேராசிரியரின் விளக்கம்.

நம் தமிழில் ஒரு வசதி உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. மண்ணில் கிடைப்பதும் கனிமம். கரிமம் அல்லாத வேதியியலும் கனிம வேதியியல். புதிய கனிமச் சேர்மம் செய்யப் போய்ப் பழைய கனிமத்தைச் செய்திருக்கிறாய் என்று தோழி ஒருத்தி கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசிரியரோ வருத்தப்படவில்லை. "உன் பொருள் என்னவென்று உனக்கு இப்போது தெரியும். போன வாரம் தெரியாது" என்று மட்டும் சொல்லி, அடுத்த கலவைக்கு விகிதங்களைக் கணக்கிடச் சொன்னார்.

வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பிறகு சிறு குப்பியில் அரை கிராம் படிகத்தை எடுத்துக்கொண்டு போய், "இது புதுசு இல்லப்பா. 1823லேயே கண்டுபிடிச்சிருக்காங்க" என்றேன். குப்பியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூமிக்குள்ள கெடக்கிறதா?"

"ஆமாப்பா. தாமிரச் சுரங்கத்துல."

"அதையே நீங்க மூணு நாளுல செஞ்சீங்களா?"

"ஆமா."

"பேரு என்னன்ன?"

சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆலையில் சொன்னதைத் திருத்தினாரா என்று நான் கேட்கவில்லை.

இக்கட்டுரையை இதழ்க் குழுவிடம் கொடுக்கும் இன்று கலம் மீண்டும் ஓவனில் இருக்கிறது. தாமிரத்துக்குப் பதிலாகத் துத்தநாகம், அமீன் முன்னைவிட இரு மடங்கு, 160 பாகை. இம்முறை துத்தநாகப் பாஸ்பேட்டுகளில் ஏற்கெனவே அறியப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றை நாங்கள் மூவரும் முதலிலேயே தயாரித்து ஓவனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பட்டியல் நீளமானது. திங்கட்கிழமை காலை திறக்க வேண்டும். தந்தையார் என்ன பொருள் வரும் என்று கேட்பதில்லை. தினமும் மாலையில் அவர் கேட்பது ஒன்றுதான்.

"தண்ணி எவ்வளவும்மா ஊத்துன?"

"பதினஞ்சு மில்லிப்பா."